மலைக்குக் காணி எல்லை தெரியாது

வாசகர் கேள்வி – பதில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மத்திய மலைநாடு பல இடங்களில் சரிந்த பின்னர், மண்சரிவும் காணியும் வீடும் பற்றிய கேள்விகள் இப்பகுதிக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. கொழும்பில் தொழில் செய்துகொண்டு மலையகத்தில் பெற்றோரையோ ஒரு துண்டுக் காணியையோ வைத்திருப்பவர்கள் எழுதியவையே அவற்றுள் அதிகம். ஒரே பொருள் பற்றியவற்றைச் சேர்த்து, நீண்ட கடிதங்களைச் சுருக்கி, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பண்டாரவளைப் பக்கம் 15 பேர்ச் காணி ஒன்று விலைக்கு வந்துள்ளது. சுற்றிலும் செங்குத்தான தேயிலை மலை. இக்காணி மட்டும் மேசைபோல் தட்டையாக இருக்கிறது. ஓரத்தில் வற்றாத ஊற்றும் உண்டு. தட்டை நிலம் என்பதால் மண்சரிவுக்குப் பயமில்லை என்கிறார் தரகர். நம்பலாமா?
– வெள்ளவத்தை வாசகர் ஒருவர்

நம்ப வேண்டாம். அதற்காகத் தரகர் பொய் சொல்கிறார் என்றும் எண்ண வேண்டாம். நிலத்தைத் துண்டாக வெட்டி எடுத்துப் பார்க்கும் எவருக்கும் அந்த இடம் அப்படித்தான் தோன்றும். நீங்கள் காணியின் நன்மைகளாக எழுதியிருக்கும் இரண்டு அம்சங்கள், அதாவது செங்குத்து மலையின் நடுவே திடீரென வரும் தட்டையும் அதன் ஓரத்தில் வற்றாமல் கசியும் நீரும், பொறியியல் புவிவெளியுருவவியல், அதாவது நிலத்தின் வடிவத்தைப் பார்த்து அதன் கதையையும் உறுதியையும் மதிப்பிடும் துறை, பயின்ற ஒருவரைத் தயங்கி நிற்க வைக்கும் அடையாளங்களாகும்.

மலைச்சரிவு ஒன்று வளைந்த வழுக்குத் தளத்தின் மீது மொத்தமாகக் கீழிறங்கும்போது, மேலே பிறை வடிவில் ஒரு செங்குத்து முகம் எஞ்சும். இறங்கிய மண்திணிவு பின்புறமாகச் சற்றே சாய்வதால் அதன் தலைப்பகுதி படிக்கட்டின் ஒரு படியைப் போலத் தட்டையாகும். அடிப்பகுதியோ மேடும் பள்ளமுமாகப் பிதுங்கி நிற்கும். பின்சாய்ந்த அந்தப் படியில் மழைநீர் தேங்கி, உடைந்து கலைந்த மண்ணின் ஊடாக இறங்கி, கீழே ஊற்றாக வெளிவரும். ஐம்பது, நூறு ஆண்டுகள் கழிந்து காடு மூடிவிட்டால், அல்லது தேயிலை நட்டுவிட்டால், அங்கே என்ன நடந்தது என்று சொல்வதற்கு ஆள் இருக்காது. மலையில் குடியேற வருபவர்கள் தேடுவது தட்டை நிலத்தையும் தண்ணீரையும்தான்; ஆகவே பழைய சரிவுகளின் முதுகிலேயே ஊர்களும் வயல்களும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் அமைந்துவிடுகின்றன.

ஒரு முறை சரிந்த மண் மறுபடி சரிவது ஏன் எளிது என்பதையும் சொல்லவேண்டும். வழுக்குத் தளத்தில் களித்துகள்கள் நகர்ந்த திசைக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. அதன் பின்னர் அந்தத் தளத்துக்கு எஞ்சியிருப்பது முன்பிருந்த வலிமையின் ஒரு பகுதி மட்டுமே. இங்கிலாந்தின் செவனோக்ஸ் நகருக்கான புறவழிச் சாலையை 1960களின் நடுப்பகுதியில் வெட்டியபோது, சில பாகையே சாய்ந்த, மாடு மேயும் மென்சரிவுகள் நகரத் தொடங்கின. பனியூழிக் காலத்தில் வழுக்கி இறங்கி ஓய்ந்திருந்த மண்நாக்குகள் அவை என்பது பின்னரே விளங்கியது. சாலையின் வழியை மாற்றவேண்டியதாயிற்று. இத்தாலியின் வயோன்ற் அணைக்கட்டில் விலை இதைவிடப் பன்மடங்கு பெரிது. நீர்த்தேக்கத்தின் மேலே நின்ற மலைச்சரிவு ஒரு பழைய மண்சரிவின் உடலே என்று எடுவார்டோ செமென்சா என்ற புவிச்சரிதவியலாளர் முன்கூட்டியே கண்டு சொல்லியிருந்தும், நீர்மட்டத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் தொடர்ந்தது. 1963 ஒக்ரோபர் 9ஆம் திகதி இரவு சுமார் 27 கோடி கனமீற்றர் பாறை நீர்த்தேக்கத்துக்குள் பாய்ந்தது. அணை உடையவில்லை, அதைத் தாண்டி எழுந்த நீரலையில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர்.

மலையிலுள்ள தட்டை எல்லாமே பழைய சரிவு என்று கொள்வதும் தவறு. நமது மத்திய மலைநாடு மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளாலானது. சார்னொக்கைற்று, குவார்ட்சைற்று, நைஸ், பளிங்கு என அடுக்கடுக்காகக் கிடக்கும் அவற்றுள் கடினமான அடுக்கு ஒன்று வெளியே நீண்டு நின்றாலும் தட்டை உண்டாகும். தோட்டம் திறந்த காலத்தில் தொழிற்சாலைக்காக வெட்டிச் சமன் செய்த இடமும் இருக்கலாம். எது எதுவென்று அறிய, காணிக்குள் நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, எதிர்மலைக்குப் போய் நின்று பாருங்கள். தட்டைக்கு மேலே பிறைபோன்ற வளைவு தெரிகிறதா, அதன் இரு கைகளும் கீழே இறங்கித் தட்டையை அணைக்கின்றனவா, அயல் சரிவுகளில் நேராக இறங்கும் ஓடைகள் இந்த இடத்தில் மட்டும் மறைந்து கீழே வேறோர் இடத்தில் வெளிப்படுகின்றனவா என்று பாருங்கள். பிறகு காணிக்கு வந்து, வெட்டு முகம் ஏதாவது இருந்தால் அதில் மண்ணைக் கவனியுங்கள். இருந்த இடத்திலேயே சிதைந்து மண்ணான பாறையில் பழைய அடுக்குக் கோடுகள் மங்கலாகவேனும் தொடர்ந்து செல்லும். மேலிருந்து வந்து குவிந்த மண்ணில் அத்தகைய ஒழுங்கு இராது, கூர்முனைக் கற்களும் பெரும் பாறைகளும் களியும் கண்டபடி கலந்து கிடக்கும். அடிமரம் வளைந்து நுனி நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த மின்கம்பங்கள், ஆண்டுதோறும் ஒட்டுப்போடப்படும் ஒரே வீதித்துண்டு ஆகியனவும் சாட்சிகளே. அயலிலுள்ள வயது முதிர்ந்தவர் எவரிடமாவது அந்த இடத்தின் பழைய பெயரைக் கேளுங்கள். ஊர்ப்பெயர்களில் நிலத்தின் கதை சில வேளைகளில் எஞ்சியிருக்கும்.

இவற்றுள் ஒன்றிரண்டு தென்பட்டாலும் முற்பணம் கொடுக்காதீர்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றம் அனுமதி வழங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கை பெறப்படவேண்டும் என்ற ஏற்பாடு 2011 முதல் உள்ளது. காணியை வாங்கி, அத்திவாரம் வெட்டி, கடைசியில் அறிக்கைக்கு ஓடுவதே நம்மவர் வழக்கம். அறிக்கை பாதகமாக வந்தால் விற்பனை இல்லை என்று எழுதிக்கொண்டு பேரம் பேசுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

நான் புவியியல் பயிலும் மாணவி. துளையிட்டு மண்ணை எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்து, காப்புக் காரணியைக் கணக்கிட்டுச் சொல்லப் பொறியியலாளர் இருக்கிறார். நிலத்தின் தோற்றத்தைப் பார்த்து மதிப்பிடுபவர் அதற்கு மேலும் எதைச் சொல்லப்போகிறார்?
– தெஹிவளை

எங்கே துளையிடவேண்டும் என்பதைச் சொல்வார். கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாண் அகலம்கூட இல்லாத துளை நான்கைந்தை வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவை மதிப்பிடும்போது, துளை விழுந்த இடம் பழைய சரிவுக்கு உள்ளேயா வெளியேயா என்பதிலேயே முடிவு தங்கியிருக்கும்.

காப்புக் காரணி என்பது மண்ணைப் பிடித்துவைக்கும் வலிமையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்து வரும் எண். ஒன்றுக்கு மேலிருந்தால் சரிவு நிற்கும், கீழிறங்கினால் நிற்காது, நிரந்தரமான வெட்டுச் சரிவுகளுக்கு ஏறத்தாழ 1.5 வேண்டும் என்பது பொறியியலாளரின் வழக்கமான எதிர்பார்ப்பு. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 25 பாகை சாய்ந்த நீண்ட சரிவில், ஒட்டுந்தன்மை இல்லாத, உராய்வுக் கோணம் (துகள்களின் உராய்வு வலிமையைக் காட்டும் அளவு) 32 பாகையான மண் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது என்று கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது அதன் காப்புக் காரணி 1.34. மழை பெய்து, நிலக்கீழ் நீர் அந்தப் போர்வையின் பாதி உயரம் வரை ஏறிச் சரிவுக்குச் சமாந்தரமாக ஓடத் தொடங்கினால் அது ஒன்றைத் தொடும். நீர் மேற்பரப்பு வரை ஏறினால் 0.65 ஆகும். மண் அதே மண், சாய்வும் அதே சாய்வு; துகள்களுக்கு இடையிலுள்ள நீர் அவற்றை ஒன்றையொன்று அழுத்தவிடாமல் தூக்கிப் பிடித்ததே மாற்றம். இந்த உண்மையைக் கார்ல் டெர்சாகி 1920களில் நிறுவினார். மண்பொறியியல் அதன் மேல்தான் கட்டப்பட்டுள்ளது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மேற்கண்ட கணக்கில் 32 பாகை என்ற எண்ணை ஆய்வுகூடம் தரும். நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை அது தராது. அதைச் சொல்வது நிலத்தின் வடிவம்: சரிவு வெளியே புடைத்திருந்தால் நீர் பிரிந்து ஓடும், உள்ளே குழிந்திருந்தால் மேலிருந்து வரும் நீரெல்லாம் ஒரே கழுத்தில் வந்து சேரும். ஒரே தேயிலை மலையில் ஒரே மழையில் குழிவு சரிய, ஐம்பது மீற்றர் தள்ளியுள்ள முகடு அசையாமல் நிற்பது இதனால்தான். பாறை அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதும் வடிவத்திலேயே வெளிப்படும். அடுக்குகள் சரிவின் திசையிலேயே சாயும் பக்கம் நீண்டு மெதுவாக இறங்கும், அதில் அகன்ற திணிவுகள் வழுக்கக்கூடும். எதிர்ப்பக்கம் செங்குத்தாக நின்று பாறைகளை உதிர்க்கும், அதன் அடியில் உதிர்ந்தவை குவிந்திருக்கும்.

இத்துறை தன் தகுதியை நிறுவிய களங்களுள் ஒன்று கிழக்கு நேபாளம். 1970களில் தரானிலிருந்து தன்குட்டா வரை இமயமலை அடிவாரத்தில் வீதி அமைக்கத் திட்டமிட்டபோது, வடிவமைப்பு முடியுமுன்னரே புவிவெளியுருவவியலாளர் குழு ஒன்று சரிவுகளை நடந்து வரைபடமாக்கியது. எந்தச் சரிவு உயிருள்ளது, எது ஓய்ந்தது, ஆறு எந்த அடிவாரத்தை அரிக்கிறது என்பவை காகிதத்தில் வந்த பிறகு வீதியின் வளைவுகளுக்கு இடம் தெரிவு செய்யப்பட்டது. பொறியியலாளரும் புவிவெளியுருவவியலாளரும் போட்டியாளர்கள் அல்லர் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். உங்கள் பட்டப்படிப்பில் களப்பயணத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கணினித் திரையில் சாய்வு வரைபடத்தை நிறமூட்டக் கற்றவர்கள் இப்போது நிறையப் பேர், ஊற்றுக்கண்ணைத் தேடி அட்டைக்கடியுடன் ஏறுபவர்கள் குறைவு.

அம்மாவும் அப்பாவும் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறார்கள். அபாய வரைபடத்தில் எங்கள் டிவிசனுக்கு நடுத்தர அபாயம் என்ற நிறம்தான் போட்டிருக்கிறது என்று ஒருவர் காட்டினார். மழை என்றால் எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை. அந்த நிறத்தை நம்பி இருக்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

அந்த வரைபடம் எப்படி உருவாகிறது என்று அறிந்தால் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது தெளிவாகும். 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வரைபடப் பணியைத் தொடங்கியது. ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஆறு காரணிகளுக்குப் புள்ளி இடப்படுகிறது: மொத்தம் நூறில் சாய்வுக்கு 25, பாறையும் அதன் அமைப்பும் 20, நீரும் வடிகாலும் 20, நிலப்பயன்பாடு 15, மண்போர்வை 10, நிலவுருவம் 10. கூட்டுத்தொகையைப் பொறுத்து நிறம் தீட்டப்படும். நல்ல முறைதான், ஒரு மாவட்டத்துக்கு, ஒரு பிரதேச சபைக்கு, எங்கே விரிவாகத் தேடவேண்டும் என்று காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. விரிவான வரைபடங்களின் அளவுத்திட்டம் 1:10,000. அதாவது நிலத்தில் பத்து மீற்றர், தாளில் ஒரு மில்லிமீற்றர். பத்துக் காம்பரா லயம் மூன்று நான்கு மில்லிமீற்றர்க் கோடு. அந்தக் கோடு நிறத்தின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பேனா முனையால் தீர்மானிப்பது சரியாகாது.

இன்னுமொன்று. சரிவு எங்கே தொடங்கக்கூடும் என்பதும், தொடங்கியது எங்கே வந்து சேரும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண் லயங்களின் அடியிலிருந்து வரவில்லை, மேலிருந்து வந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலையின் உச்சிப்புறம் உடைந்து கீழேயுள்ள ஊர்களை மூடியபோதும் அவ்வாறே. வீடு நிற்கும் இடத்தின் சாய்வு குறைவு என்பதால் நடுத்தரம் என்று நிறம் வந்திருக்கலாம். பார்க்கவேண்டியது வீட்டுக்கு மேலே: குழிவான மலைமடிப்பு ஒன்று லயத்தை நோக்கித் திறந்திருக்கிறதா, லயம் ஓடையின் வாயிலில் விசிறிபோல் பரந்த கற்குவியலின் மேல் நிற்கிறதா, வீட்டைச் சுற்றியுள்ள பாறைகள் அந்த இடத்துக்கு உரியனவா அல்லது எப்போதோ உருண்டு வந்தவையா? பாறை வந்த வழியே மறுபடியும் பாறை வரலாம்.

நடைமுறைக்கு மழை அளவுகளை மனத்தில் வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் வெளியேற்றம் என்பனவே நிறுவனம் கையாண்டுவரும் எல்லைகள். 150 மில்லிமீற்றர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 15 பேர்ச் காணி ஒன்றின்மீது அது ஏறத்தாழ 57,000 லீற்றர் நீர். மலையகத்தில் ஒரு மலைமுகட்டுக்கு இப்பாலும் அப்பாலும் மழை வேறுபடும் என்பதால் நகரத்து மழைமானியை நம்பியிருக்காமல், நேரான பக்கமுள்ள போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, கவிழாதபடி திறந்த வெளியில் நிறுத்தி, தேங்கும் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். அளவு எல்லையைத் தொடாவிட்டாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, திறக்க மறுக்கும் கதவு, திடீரெனக் கலங்கிய ஊற்று, இவற்றுள் எது தெரிந்தாலும் புறப்பட்டுவிடவேண்டும். எல்லாவற்றிலும் பயங்கரமானது, கொட்டும் மழையில் ஓடை திடீரென வற்றுவது. மேலே எங்கோ மண் விழுந்து அதை மறித்துவிட்டது, மறிப்பு உடையப்போகிறது என்று பொருள். ஓடும்போது ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் முகட்டை நோக்கி ஏறவேண்டும். இரவில் அதற்கான பாதையைப் பகலிலேயே ஒரு முறை நடந்து பார்த்து வைத்திருக்கவேண்டும். உங்கள் அப்பாவின் முழங்கால் அந்த ஏற்றத்தைத் தாங்குமா என்பதும் கணக்கில் சேரும்.

மீரியபெத்தை மக்களை அகற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போயிருக்கலாமே என்று கொழும்பில் இருந்தபடி கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காணி அரசுக்குச் சொந்தம், வேலை அந்த மலையில். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு பேர்ச்சுக்குக் காணி உறுதிப்பத்திரம் இல்லாதவர்கள் எந்த இடத்துக்குப் போயிருப்பார்கள்? எங்கே இருக்கக்கூடாது என்று மட்டும் சொல்லி, எங்கே இருக்கலாம் என்பதைச் சொல்லாத இடர் மதிப்பீட்டை நான் பாதி வேலை என்றே கருதுகிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் அகன்ற முகடுகளும் உறுதியான பாறைமேல் நிற்கும் புடைப்புகளும் உண்டு. அவற்றுள் பலவற்றில் பங்களாவும் தொழிற்சாலையும் நிற்கின்றன என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

எங்கள் வீடு பாதுக்கையில். பின்புறத்து மேட்டை பெக்கோவால் ஐந்து மீற்றர் உயரத்துக்கு நேராக வெட்டி வீட்டைக் கட்டினோம். கபூக் மண், எட்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. கொழும்பு மாவட்டத்துக்கும் மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் கேட்டுத் திடுக்கிட்டோம். தாங்குசுவர் கட்டினால் போதுமா?

பாதுக்கையும் சீதாவாக்கையும் இத்தகைய எச்சரிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் பிரிவுகள்தாம். கொழும்பு மாவட்டம் என்றால் காலிமுகத்திடலின் மட்டநிலம் என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

கபூக், அதாவது செம்புரைக்கல் மண், காற்றுப்பட்டால் இறுகும். ஆகவே நேராக வெட்டினாலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும், அதுவே ஏமாற்றும். மேலே இறுகிய ஓடு, அதன்கீழே வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த மென்களி. ஐந்து மீற்றர் வெட்டில் இந்த மென்பகுதி அடியில் திறந்துகிடக்க வாய்ப்பு அதிகம். அது நனைந்து இளகினால் மேலுள்ள ஓடு துண்டாக விழும். அத்துடன் மேட்டின் மேலே அயலவரின் மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது, அவர் வீட்டுக் கூரைநீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

தாங்குசுவர் பற்றி: நான் பார்த்து ஆராய்ந்த உடைந்த சுவர்களுள் பெரும்பாலானவை மெலிதானதால் உடைந்தவையல்ல, நீர் போக வழியில்லாததால் உடைந்தவை. நான்கு மீற்றர் சுவரின் பின்னால் நீர் நிறைந்தால், மண்ணின் தள்ளுதலோடு நீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் எட்டுத் தொன் அளவில் தள்ளும். சுவரின் பின்னால் கல்சல்லி வடிப்படை, அடைபடாத கசிவுத் துளைகள், அடியில் வடிகுழாய், மேட்டின் தலையில் நீரை வெட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோகும் கொங்கிறீற்றுக் கான் ஆகியன இல்லாமல் சுவரை மட்டும் கட்டுவது பணத்தையும் ஆபத்தையும் ஒன்றாகக் கட்டி வைப்பதாகும். முடியுமானால் வெட்டை இரண்டு படிகளாக்கிச் சாய்வைக் குறையுங்கள். அதற்கும் முதலில் அடியை வெட்டாமல், மேலிருந்து கீழாக வேலை செய்யவேண்டும், மழைக்காலத்தில் தொடவே கூடாது. பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டும் வரை, பலத்த மழை இரவுகளில் பின்னறையில் எவரும் படுக்க வேண்டாம்.

நீரை வடித்தால் மலை அடங்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் ரயில்பாதையைத் தள்ளிய பெரும் மண்சரிவைக் கட்டுப்படுத்தியது சுவரன்று. மேற்பரப்புக் கான்களும், சரிவுக்குள் துளையிட்டுச் செருகிய வடிகுழாய்களுமே.

வெட்டிவேர் நட்டால் மண்சரிவு வராது என்கிறார்களே?
– வத்தளை

மேல்மண் அரிப்புக்கு வெட்டிவேர் மிக நல்லது. மேலோட்டமான சிறு சரிவுகளுக்கும் உதவும். பத்துப் பதினைந்து மீற்றர் ஆழத்தில் வழுக்கும் திணிவுக்கு வெட்டிவேரும் பயணிதான், அதுவும் கூடவே இறங்கும். காடு வேறு கதை; அது வேரால் பிடிப்பதோடு நீரையும் உறிஞ்சி ஆவியாக்குகிறது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை அழிக்கக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே அறிவுறுத்தினார். மண்பாதுகாப்புச் சட்டம் 1951இல் வந்தது. மேலே தேயிலை பிடுங்கப்பட்டு மரக்கறித் தோட்டமாகும்போது, ஓடையை மறித்துக் குளம் வெட்டி நீர் இறைக்கும்போது, கீழே வசிப்பவரின் காப்புக் காரணி அவரைக் கேட்காமலே மாறுகிறது.

மீதொட்டமுல்லையில் நடந்ததையும் மண்சரிவு என்று சொல்லலாமா? அங்கே மலையே இல்லையே.
– கொலன்னாவை வாசகர்

மலையை நாமே கட்டினோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், குடியிருப்புகளின்மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற அந்தக் குப்பைமேடு சதுப்பு நிலத்தின்மேல் ஆண்டுக்கணக்கில் உயர்த்தப்பட்டது. சரிவின் விதிகள் குப்பைக்கும் பொருந்தும்: உயரம் கூடுகிறது, மழைநீர் உள்ளே இறங்குகிறது, அடியிலுள்ள மென்மண் தாங்கும் அளவைக் கடந்து பிதுங்குகிறது. வேல்சின் அபர்ஃபானில் 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி பாடசாலையின்மேல் இறங்கிய நிலக்கரிக் கழிவுமேடு ஊற்றுகளின்மேல் கொட்டப்பட்டிருந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். கொட்டுமுன் நிலத்தின் வடிவத்தையும் நீரையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியவை இரண்டும். கொழும்பைச் சுற்றிச் சதுப்புகளை நிரப்பி எழும் மேடுகளுக்கு அருகே வசிப்பவர்கள், மேட்டின் அடிக்கு வெளியே நிலம் வீங்குகிறதா, மதில் நிமிர்ந்து பிளக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அடி வீங்குவது பெரும்பாலும் தலை இறங்குவதற்கு முன்னோடி.

காணியின் பழைய தோற்றத்தைப் பார்க்க வான்படங்கள் வேண்டுமென்றால் எங்கே கேட்பது?
– மருதானை

நாரஹேன்பிட்டி கிருள வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் பல ஆண்டுகளின் வான்படங்களும் சமவுயரக்கோட்டு வரைபடங்களும் உள்ளன; ஜாவத்தை வீதியிலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கிருந்து தூரமில்லை, ஒரே காலையில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். கேட்கும்போது ஒற்றைப் படமாகக் கேட்காமல், அடுத்தடுத்து எடுக்கப்பட்ட சோடியாகக் கேளுங்கள். இரண்டையும் முப்பரிமாண நோக்கியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலை தாளிலிருந்து எழுந்து நிற்கும். தேயிலை மூடாத பழைய படமாக இருந்தால், தரையில் நின்று ஒரு நாள் முழுவதும் தேடியும் காணாத பிறை வடிவம் சில நிமிடங்களில் கண்ணில் படும்.